அரசாங்க ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது?
விவசாயி கேட்டுப் பெற வழி செய்த தீர்ப்புகள்

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொள்கிறது. வயலில் தண்ணீர் நின்று, சாய்ந்த கதிர் முளைத்துவிடுகிறது. அதிகாரிகள் வந்து சேதத்தைக் கணக்கெடுத்துப் போகிறார்கள். சில மாதங்கள் கழித்து நிவாரணத் தொகை வருகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் உள்ளவருக்குப் பணம் வருகிறது. அந்தப் பக்கம் உள்ளவருக்கு வரவில்லை. போய்க் கேட்டால், "பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்று பதில் கிடைக்கிறது. ஏன் இல்லை என்பதற்கு மட்டும் பதில் கிடைப்பதில்லை.

வெள்ளத்தையும் வறட்சியையும் கண்ட எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. அந்த விவசாயிக்கு வேண்டிய விடை எங்கோ ஒரு தாளில் இருக்கவே செய்கிறது. கணக்கெடுப்பில் அவருடைய புல எண் விடுபட்டிருக்கலாம். அடங்கலில் வேறு பயிர் எழுதப்பட்டிருக்கலாம். சேதம் குறைவாகக் காட்டப்பட்டிருக்கலாம். தாளைப் பார்த்தால்தான் எங்கே பிழை என்பது தெரியும். பிழை தெரிந்தால்தான் அதைத் திருத்தக் கேட்க முடியும்.

அந்தத் தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதை அளிக்கிறது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது, எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதை அந்தச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் வந்த கோர்ட்டுத் தீர்ப்புகள் விளக்கியிருக்கின்றன.

உரிமை பிறந்த கதை

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1923-ம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் வந்தது. அரசாங்கக் காகிதம் என்றால் அது அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த வழக்கம் சீக்கிரம் மாறவில்லை.

1975-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தியை எதிர்த்துப் போட்டியிட்ட ராஜ் நாராயண், தம் தேர்தல் வழக்குக்காகச் சில அரசாங்க ஆவணங்களைக் கேட்டார். பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய புத்தகமும் அவற்றில் ஒன்று. உத்தரப் பிரதேச அரசு தர மறுத்தது. அந்தப் புத்தகத்தைப் பற்றி ஐகோர்ட்டு மறுபடி ஆராய வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆனால் அதே தீர்ப்பில், பொதுப் பணியில் இருப்பவர்கள் மக்களுக்காகச் செய்யும் காரியங்களை அறிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்று நீதிபதி கே.கே. மாத்யூ எழுதினார். எதையும் எப்போதும் வெளியிட வேண்டும் என்பதல்ல. ஆனால் அன்றாட அலுவல்களை ரகசியத் திரை போட்டு மூடுவது பொது நன்மைக்கு ஆகாது என்பது அதன் சாரம்.

1981 டிசம்பரில், நீதிபதிகள் மாற்றம் பற்றிய வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் அறியும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

ஆனால் தீர்ப்பு இருந்தும் தாலுகா அலுவலகத்தில் காகிதம் கிடைக்கவில்லை. எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, தராவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சட்டம் இல்லை. அந்தக் குறையை நாடு முழுவதும் எடுத்துக் காட்டியவர்கள் ராஜஸ்தான் மாநிலத்துக் கிராம மக்களாவர். 1990-ல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கப்பட்டது. வறட்சி வேலையில் கூலி சரியாகத் தரப்படாததால், வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலான மஸ்டர் ரோலையும் செலவுச் சீட்டுகளையும் மக்கள் கேட்டார்கள். 1994 முதல் ஊர்ப் பொதுவில் அவற்றை வாசித்தபோது, வேலைக்கே வராதவர்களின் பெயர்களும் இறந்துபோனவர்களின் பெயர்களும் கூலி வாங்கியதாக எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது.

தமிழ்நாடு 1997-லேயே தகவல் அறியும் உரிமைக்கென்று ஒரு சட்டம் இயற்றிய முன்னோடி மாநிலம். ஆனால் அதில் விதிவிலக்குகள் மிக அதிகம். 2005-ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி முழு அளவில் அமலுக்கு வந்தது. இன்று விவசாயி நம்பக்கூடியது இந்தச் சட்டத்தையே.

சட்டம் சொல்வது

அரசாங்க அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒருவர் பொதுத் தகவல் அதிகாரியாக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அதிகாரியே உதவி செய்ய வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

தமிழக அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். இதைக் கோர்ட்டுக் கட்டண வில்லையாக மனுவிலேயே ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றைக் காட்டினால் கட்டணம் இல்லை. நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் செலுத்த வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம்.

பதில் 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். மனு வேறு அலுவலகத்துக்கு உரியதானால், "இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாள் கெடு தாண்டிவிட்டால், நகல்களை இலவசமாகத் தர வேண்டும்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் அப்பீல் செய்யலாம். அதிலும் பலனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது அப்பீல் போகலாம். தக்க காரணமில்லாமல் தகவல் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். அதை அந்த அதிகாரிதான் கட்ட வேண்டும்.

"எதற்காகக் கேட்கிறாய்?"

அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி இது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 6-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பதில் அனுப்புவதற்கான முகவரி கொடுத்தால் போதுமானது.

2014 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு ஒரு வழக்கில், தகவல் கேட்பவர் ஏதேனும் காரணம் காட்ட வேண்டும் என்று கூறியது. சட்டத்தின் வாசகத்துக்கு இது மாறாக இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. சில நாட்களுக்குள் ஐகோர்ட்டு தானாகவே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. ஆகவே பழைய செய்தியைக் காட்டி யாரேனும் காரணம் கேட்டால், விவசாயி தயங்க வேண்டியதில்லை.

தாளைக் கேட்க வேண்டும், விளக்கத்தை அல்ல

விவசாயிகளின் மனுக்கள் தள்ளுபடியாவதற்கு ஒரு முக்கியக் காரணம், கேட்கும் விதம். "எனக்கு ஏன் நிவாரணம் தரவில்லை? எப்போது தருவீர்கள்?" என்று எழுதினால், அது தகவல் அல்ல, விளக்கம் கேட்பது என்று அதிகாரி மறுத்துவிடலாம்.

இதற்கு 2 தீர்ப்புகள் ஆதாரம். 2010-ல், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், ஒரு நீதிபதி ஏன் இப்படித் தீர்ப்பளித்தார் என்று தகவல் சட்டத்தின் மூலம் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஏட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும். 2011-ல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழக்கில், மாணவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம் என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. கூடவே, அலுவலகத்தில் இல்லாத விவரத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொடுக்கவோ, ஆலோசனை சொல்லவோ அதிகாரி கடமைப்பட்டவர் அல்ல என்றும் விளக்கியது.

இந்தத் தீர்ப்பில் விவசாயிக்குப் பாடம் இருக்கிறது. விடைத்தாளை மாணவர் பார்க்கலாம் என்றால், தம் வயலைப் பற்றி எழுதிய கணக்கெடுப்புத் தாளை விவசாயியும் கேட்கலாம். "ஏன்" என்று தொடங்குவதற்குப் பதிலாக, "நகல் தருக" என்று முடிப்பது நல்லது. உதாரணமாக, மனுவில் இப்படி எழுதலாம்:

1. இன்ன கிராமம், இன்ன புல எண்ணுக்கு, இன்ன பசலி ஆண்டின் அடங்கல் பதிவின் நகல்.

2. இன்ன மாதத்தில் நடந்த பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில், மேற்படி புல எண் பற்றிய பதிவின் நகல். கணக்கெடுத்தவர்களின் பதவி, பார்வையிட்ட தேதி.

3. என்னுடைய இன்ன தேதியிட்ட மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகள், உத்தரவுகளின் நகல்.

4. நிவாரணத்துக்குத் தகுதி வரையறுக்கும் அரசாணையின் நகல்.

பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறப்பது விவசாயிகள் அறிந்ததே. 2025 ஜூலையில் பிறந்தது 1435-ம் பசலி. பசலியைத் தவறாக எழுதினால் வேறு ஆண்டின் தாள் வந்து சேரும்.

மேற்கண்ட 4 தாள்களும் கைக்கு வந்தால் "ஏன்" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

"கோப்பு காணவில்லை" என்றால்

பழைய கோப்பு கிடைக்கவில்லை என்ற பதிலும் வருவதுண்டு. இதைப் பற்றி 2013 செப்டம்பரில் டெல்லி ஐகோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு காலத்தில் அலுவலக ஏட்டில் இருந்த தகவலை, தேடிப் பார்த்தோம் கிடைக்கவில்லை என்று எளிதாகச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. முழுமையாகத் தேட வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால், அது எப்படிக் காணாமல் போயிற்று, யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும். தகவல் ஆணையம் அத்தகைய விசாரணைக்கு உத்தரவிடலாம் என்பது அத்தீர்ப்பு. அப்பீல் மனுவில் இதைக் குறிப்பிடலாம்.

கூட்டுறவுச் சங்கக் கணக்கு

சிறு விவசாயிக்குப் பயிர்க் கடனும் உரமும் தருவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். 2021-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. இத்தகைய வேளையில் தம் பெயர் சேர்ந்ததா, எந்தத் தேதிக் கடன் எழுதப்பட்டது என்று அறிய உறுப்பினர்கள் விரும்புவது இயல்பு.

சங்கத்திடம் நேரே தகவல் சட்டத்தின் கீழ் கேட்கலாமா? கேரளத்தின் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில், 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடை கூறியது. கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டிருப்பதாலும், பதிவாளர் அதை மேற்பார்வை செய்வதாலும் மட்டும் அது அரசாங்க அலுவலகம் ஆகிவிடாது. அரசாங்கத்தின் சொந்த நிறுவனமாகவோ, அதன் முழுக் கட்டுப்பாட்டிலோ, பெருமளவு அரசுப் பணத்திலோ நடந்தால்தான் சட்டம் நேராகப் பொருந்தும்.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. அதே தீர்ப்பில் இன்னொரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. கூட்டுறவுப் பதிவாளர் அரசாங்க அதிகாரி. சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் கேட்டு வாங்கக்கூடிய விவரங்களை, விதிவிலக்குக்கு உட்படாத வரையில், அவர் மூலம் மக்கள் பெறலாம். ஆகவே மனுவைச் சங்கச் செயலாளருக்கு எழுதாமல், கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அதிகாரிக்கு எழுதுவது பலன் தரும். பிறருடைய வங்கிக் கணக்கு விவரங்கள் கிடைக்க மாட்டா. தம் கடனைப் பற்றிய விவரம், தணிக்கை அறிக்கை போன்றவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே முறை உதவும். இழப்பீடு ஒவ்வொரு வயலையும் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. கிராமம் அல்லது பிர்க்கா அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரி விளைச்சலை உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிட்டே பெரும்பாலும் நிர்ணயிக்கப்படுகிறது. காப்பீட்டுக் கம்பெனி தனியாருடையதாக இருந்தாலும், பரிசோதனைக் கணக்கு அரசாங்கத் துறைகளிடம் இருக்கும். எந்தப் புல எண்களில் பரிசோதனை நடந்தது, என்ன எடை கிடைத்தது என்ற பதிவின் நகலை அங்கே கேட்கலாம்.

எவை கிடைக்க மாட்டா?

நாட்டின் பாதுகாப்பு, மந்திரி சபைக் காகிதங்கள், வியாபார ரகசியம் முதலிய சிலவற்றுக்குச் சட்டத்தின் 8-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. விசாரணை நடக்கிறது என்பதால் மட்டும் மறுக்க முடியாது. தகவல் தருவது விசாரணையை எப்படித் தடுக்கும் என்று அதிகாரி காட்ட வேண்டும் என 2007-ல் டெல்லி ஐகோர்ட்டு கூறியது.

சொந்த விவரங்கள் பற்றிய விதி இப்போது இறுகியிருக்கிறது. ஓர் அதிகாரியின் சொத்து, வருமான வரி, ஒழுங்கு நடவடிக்கை விவரங்கள் பொது நலன் இல்லாமல் வெளியிடத் தக்கவை அல்ல என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பின்னர் 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவையே மாற்றியது. மாற்றம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. இதன்படி, எந்தத் தனி மனிதரின் சொந்த விவரத்தையும் தர மறுக்க அதிகாரிக்கு இடம் உண்டு.

ஆயினும் 2 வழிகள் திறந்தே இருக்கின்றன. பாதிப்பைவிடப் பொது நன்மை பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்ற விதி நீடிக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்ற 4-வது பிரிவின் விதியும் மாறவில்லை. எனவே பக்கத்து வயல்காரரின் விவரத்தைக் கேட்பதை விட, தம்முடைய புல எண்ணின் பதிவையும், தகுதி விதிகளையும், வெளியிடப்பட வேண்டிய பயனாளிப் பட்டியலையும் கேட்பதே சிறந்தது.

கவனிக்க வேண்டியவை

பட்டா, சிட்டா, 'அ' பதிவேட்டு நகல் ஆகியவை இணையத்திலும் இ-சேவை மையத்திலும் கிடைக்கின்றன. அவற்றுக்காகத் தகவல் மனு போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே மனுவில் இருபது ஆண்டுக் கணக்கையும் கேட்பது வீண். அளவற்ற, நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கைகளால் அலுவலக வேலை கெடக்கூடாது என்று 2011-ம் ஆண்டுத் தீர்ப்பே எச்சரித்திருக்கிறது. வேண்டிய 4 தாள்களை மட்டும், கிராமம், புல எண், பசலி, தேதி குறிப்பிட்டுக் கேட்பவருக்கே பதில் ஒழுங்காக வரும்.

மனுவின் நகலையும் அதைத் தபாலில் அனுப்பிய ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கெடுவும் அப்பீலும் தேதியைப் பொறுத்தவை. இரண்டாவது அப்பீல் விசாரணைக்கு வர நாளாகலாம். ஆணையங்களில் காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்ப வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அறிவுறுத்தும் நிலை வந்ததே அதற்குச் சான்று. ஆகையால் முதல் மனுவையே திருத்தமாக எழுதுவது நல்லது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தகவல் சட்டம் தாளைப் பெற்றுத் தரும். தாளில் உள்ள பிழையைத் திருத்தித் தராது. அடங்கலில் நெல்லுக்குப் பதில் தரிசு என்று எழுதியிருந்தால், அந்த நகலை ஆதாரமாக வைத்துத் தாசில்தாரிடமோ, ஆர்.டி.ஓ.விடமோ தனியாக மனுச் செய்ய வேண்டும். நில உரிமையே தகராறு என்றால் சிவில் கோர்ட்டைத்தான் நாட வேண்டும். எங்கே போனாலும், "எனக்கு வரவில்லை" என்று வாயால் சொல்பவரைவிட, "இந்தப் பக்கத்தில், இந்த வரியில் தவறு" என்று காட்டுபவரின் பேச்சுக்கு வலு அதிகம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. தன் கணக்கைப் பார்ப்பதோடு, தன் வயலைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் கணக்கையும் விவசாயி ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. சேதம் வந்த பிறகு தேடுவதைவிட, பயிர் நிற்கும்போதே அடங்கலைச் சரிபார்த்துக்கொண்டால், பிறகு தகவல் மனுவே தேவைப்படாமல் போகலாம்.